கேட்ட விலைக்கே

எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகக் கேட்டதில்லை. தாகமெடுத்தால்கூட, "குளிர்ச்சியா ஜூஸ் ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்துத்தான் தண்ணீரில் வந்து நிற்போம். அப்பா ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய அண்ணன் தம்பிகள் துணி, இரும்பு, பழைய காகிதம் என்று ஆளுக்கொரு பக்கம் கடை போட்டவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவார்களே தவிர வியாபாரத்தைக் கழற்ற மாட்டார்கள். கேட்பவர் ஏற்றிக் கேட்பார், கொடுப்பவர் இறக்கிக் கொடுப்பார், இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கிற இடத்தில் பேச்சு முடியும். அதற்குப் பெயர்தான் நியாயம் என்று எல்லாரும் நம்பினோம்.

நான் ஒரு முறை நேராகக் கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் முடித்ததும் தணிக்கையாளர் படிப்புப் படிக்கிறேன் என்றேன். அப்பா வழக்கப்படி பாதியாகக் குறைத்தார். பாதித் தணிக்கையாளர் என்று உலகத்தில் யாரும் கிடையாது என்பதால் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். அதில் அப்பாமேல் எனக்குக் கோபமில்லை. அவர் வியாபாரம் பண்ணினார், நான் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

என் தங்கை பண்ணுவதாக இருந்தாள். அவளைச் சில்லறை என்று கூப்பிடுவோம். உருவம் சின்னது, சத்தம் ஓயாது. அந்த வருஷம் பள்ளியின் கடைசி வகுப்பு. ஊரின் மறுகோடியில் இருக்கும் தொழிற்கல்லூரியில் நகர மரங்களைப் பராமரிக்கும் படிப்பு ஒன்று இருப்பதை எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். தெருவோரத்து மரத்துக்கு என்ன நோய், எந்தக் கிளை விழும், நடைபாதைக் கல்லுக்கு அடியில் வேருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கற்றுக் கொடுக்கிறார்களாம். இரண்டு வருஷம். இடங்கள் கொஞ்சம். பள்ளியில் நடக்கும் மேற்படிப்புக் கண்காட்சிக்குப் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து, அங்கேயே பெயர் கொடுக்க வேண்டும்.

கண்காட்சிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். பஸ் திரும்பினாலே வயிற்றைப் புரட்டுகிற ஜாதி அவள்.

"நேரா மரம்னு சொன்னா அப்பா என்ன சொல்வார்?"

"மரம் ஏறப் போறியான்னு கேப்பார்."

"அப்புறம்?"

"சிரிப்பார். சித்தப்பாக்கு போன் போட்டு அவரையும் சிரிக்க வைப்பார். அப்புறம் கடைக்கு வா, தபால்ல ஏதாவது டிகிரி வாங்கிக்கலாம்னுவார்."

"அதான். அதனால நான் கடலைக் கேக்கப் போறேன்."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கடலுக்குள் காற்றாலை நடுவதற்கான பொறியியல் படிப்பு வைத்திருந்தது. கண்காட்சியில் அதற்கும் ஒரு மேசை உண்டு. சில்லறையின் திட்டம் அதை வைத்துத்தான்.

"கடல் வேண்டாம்பார். வெளிநாடு வேண்டாம்பார். பொம்பளப் புள்ள தனியா எப்படின்னுவார். நான் அழுவேன்..."

"கண்ணீர் வருமா?"

"இந்த பஸ்ல இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்தா தானா வரும். நான் அழும்போது நீ மெதுவா, 'சரி விடுங்கப்பா, இந்த ஊர்லயே ஏதோ மரம் செடின்னு ஒண்ணு இருக்காம்'னு எடுத்துக் குடுக்கணும். தப்பிச்சோம்டான்னு விழுந்தடிச்சு ஒத்துக்குவார்."

"எனக்கு என்ன கமிஷன்?"

"நான் பெரிய ஆளானதும் உனக்கு ஒரு மரம்."

திட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் வம்சமே அப்படித்தானே பிழைத்தது.

அப்பா கடையிலிருந்து நேராக வந்து பள்ளி வாசலில் நின்றிருந்தார். சட்டையில் டீசல் வாசனை இல்லை. நான்தான் போனை எடுக்கிறவள், கணக்கு எழுதுகிறவள், அதனால் காரணம் எனக்குத் தெரியும். சில மாதங்களாகவே கடை போன் ஒழுங்காக அடிப்பதில்லை. அடித்தாலும் பாதி ராங் நம்பர். அப்பா மட்டும் எதுவும் நடக்காத மாதிரி காலையில் போய் மெஷின்களைத் துடைத்துவிட்டு வருவார்.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் அவர் கண் மாறியது. சந்தையைக் கண்டால் அவருக்கு அப்படித்தான். வரிசையாக மேசைகள், மேசைக்கொரு துணி, துணிமேல் துண்டுப் பிரசுரங்கள், ஓசிப் பேனாக்கள். மேலே ஒரு பெரிய பதாகை: 'பசுமை வேலைகள் – நாளைய உலகம் உங்கள் கையில்'. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த வழிகாட்டி டீச்சருக்குக் காலையிலிருந்து கத்தித் தொண்டை போயிருந்தது. யாராவது எது கேட்டாலும் கையை நீட்டித் திசை மட்டும் காட்டினார். பிள்ளைகள் வாங்கிய காகிதங்களைப் படிக்காமல் பையில் திணித்தார்கள். பெற்றோர்கள் சுவரோரம் நாற்காலி தேடினார்கள். பேச வந்த ஆட்களின் சிரிப்பு மதியத்தோடு தீர்ந்துபோய், உதடு மட்டும் விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

"சூடே இல்லாத சந்தை," என்றார் அப்பா.

முதல் மேசையில் ஓர் இளைஞன், "நூறு சதவீதம் வேலை உறுதி சார்," என்றான். அப்பா என் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்கும்படியாகவே, "நூறுங்கிறான் பாரு. அப்ப அம்பதுகூட தேறாது," என்றார். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். "அறுபது வரும் சார்," என்று ஒத்துக்கொண்டான்.

சில்லறை எங்களைக் கடல் மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கோட்டுப் போட்ட ஓர் அம்மா பொம்மைக் காற்றாலை ஒன்றை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். சில்லறை மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் இதைத்தான் படிக்கணும். நாலு வருஷம். வெளிநாடு. கடலுக்குள்ள. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பினார். வியாபாரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பொம்மையை ஏதோ அழுகல் காய் மாதிரி இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார்.

"காத்து அடிக்கலைன்னா?"

"கடல்ல எப்பவும் அடிக்கும் சார்," என்றார் கோட்டம்மா.

"ரொம்ப அடிச்சா?"

கோட்டம்மா வாயைத் திறந்தார். அப்போதுதான் கரண்ட் போனது.

விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்த ஆரம்பித்து, பாதியிலேயே ஏமாந்து நிறுத்தினார்கள். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. காற்றாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. மண்டபத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் நகர்ந்திருந்தார். அப்பா பின்கதவை நோக்கி நாலடி வைத்துவிட்டு, இடுப்பில் தொங்கிய மெஷின் சாவியைப் பிடித்தபடி நின்றார்.

போன வருஷம் வரைக்கும் இந்தக் கண்காட்சிக்குப் பின்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றது எங்கள் மெஷின்தான். இந்த வருஷம் பள்ளியிலிருந்து கூப்பிடவில்லை. வேறு எவனோ குறைத்துக் கொடுத்திருப்பான் என்று அப்பா திட்டிக்கொண்டிருந்தார். பள்ளியின் வாட்ச்மேன் அவருக்குப் பழைய பழக்கம். இப்போது அவர் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னண்ணே, பழக்க தோஷத்துல ஓடுறீங்க?" என்று சிரித்தார்.

"மெஷின் யாரோடது? சத்தமே வரல?"

"மெஷின் எங்க இருக்கு? மொட்டை மாடி பூரா சோலார் பேனல், மாடிப்படிக்கு அடியில பேட்டரி. கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியறதில்ல. பக்கத்து ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாத்துலயும் இதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்," என்றார் அப்பா.

அவருக்குத் தெரியாது என்று இல்லை. ஆனால் ஒரு விஷயம் காதில் விழுவது வேறு, அது தலைக்கு மேலே காற்றாடியாகச் சுற்றுவதைப் பார்ப்பது வேறு. வேறொருவன் குறைத்துக் கொடுத்திருந்தால் அவனைவிடக் குறைக்கலாம். வெயிலோடு யார் பேரம் பேசுவது?

திரும்பி வந்தவர் கோட்டம்மாவின் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். சில்லறை அழுவதற்குத் தயாராகக் கண்ணைச் சுருக்கினாள். நான் என் வசனத்துக்குத் தொண்டையைச் சரிசெய்தேன்.

"சரி. போ," என்றார் அப்பா.

"எங்க?" என்றாள் சில்லறை.

"நீ கேட்டதுக்குத்தான். கடலுக்கு." கோட்டம்மாவைப் பார்த்து, "புள்ள ஆசைப்படுது. பேரை எழுதிக்குங்க," என்றார்.

கோட்டம்மா தன் சரக்கைப் பற்றி இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அவருக்கே நம்பிக்கை வராமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்ட விலைக்கே ஒருவர் வாங்கிக்கொண்டால் எங்கள் வீட்டில் சந்தோஷப்பட மாட்டார்கள், பயப்படுவார்கள். ஒன்று, அவர் காசு தரப்போவதில்லை. இல்லையென்றால், அவருக்கு இனிமேல் எதுவும் ஒரு பொருட்டே இல்லை.

"செலவு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பெரிய மெஷினை வித்துத் தள்ளிடலாம். கேட்டா சின்னதுகளையும் குடுத்துடலாம். கடைச் சாவியைக் கட்டட ஓனர்கிட்ட குடுத்துட்டா ஒரு வேலை முடியும். நானும் எத்தனை நாளைக்குத் துடைக்கிறது?" முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்தார். கனமான மூட்டையைக் கீழே வைத்துவிட்ட ஆளின் முகம் மாதிரி இருந்தது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி நாங்கள் இருவரும் குழாயடிக்கு ஓடினோம்.

"ஏண்டி, இப்ப என்ன பண்ணுறது?"

"நீ ஏன் உன் வசனத்தைச் சொல்லல?"

"எங்க சொல்றது? 'போ'ன்னு சொன்ன ஆள்கிட்ட 'சரி விடுங்க'ன்னா?"

"பஸ்லயே வாந்தி வருது எனக்கு. கடலுக்குள்ள நாலு வருஷம்..." இப்போது அவளுக்குக் கண்ணீர் நிஜமாகவே வந்தது, யாருக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில். "மர மேசையை மூடிடப் போறாங்கக்கா."

திரும்பிப் போய் அவள் விலையை இறக்கிப் பார்த்தாள். கடல் ரொம்பத் தூரம் என்றாள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். பக்கத்திலேயே ஏதாவது பார்க்கலாமே என்றாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் கறுத்தது.

"வாட்ச்மேன் பேசினதைக் கேட்டியா?"

"இல்லப்பா, அது வந்து..."

"அப்பன் கை காலியாயிடுச்சுன்னு பார்த்து நீ குறைச்சுக்கிறியா? எனக்குத் தள்ளுபடி குடுக்கிறியா நீ? நான் வாக்கு குடுத்தாச்சு. வாக்கு குடுத்த சரக்கைத் திருப்பிக் குடுத்த பரம்பரை இல்ல நம்மளது. கடல்னா கடல்தான்."

இதற்குமேல் இறங்க வழியே இல்லை. அவள் எதைச் சொன்னாலும் அது அவருக்கு இரக்கமாகத்தான் தெரியும். மிச்சமிருந்தது ஒன்றுதான். உண்மை விலையைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. கல்யாணம் ஆகிப் பல வருஷம் கழித்துக்கூட அம்மாவுக்கு எந்தப் புடவை உண்மையில் பிடித்தது என்று அப்பாவுக்குத் தெரியாது.

சில்லறை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கடல் வேண்டவே வேண்டாம்ப்பா. ஏத்திச் சொன்னேன்."

"என்ன?"

"நீங்க குறைப்பீங்கன்னு ஏத்திச் சொன்னேன். நீங்க குறைக்கல."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "என்கிட்டயேவா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகமிருந்தது. அதற்கடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றால் தப்பில்லை.

"வேற யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"சரி, உன் நிஜ விலை என்ன? சொல்லித் தொலை."

"மரம்."

"மரமா?"

"ரோட்டோர மரத்தைப் பாத்துக்கிற படிப்பு. இதே ஊர். ரெண்டு வருஷம்."

"ஏறணுமா?"

"ஏறணும். கயிறு கட்டிக்கிட்டு. தட்டிப் பார்த்து, உள்ள பொள்ளலா இருக்கான்னு சத்தத்துலயே கண்டுபிடிக்கணும்."

அப்பாவின் உதடு சிரிப்புக்கு வளைந்தது. கை பாக்கெட்டில் போனைத் தேடியது, சித்தப்பாவுக்காக. பிறகு கையை வெளியே எடுத்துவிட்டார். "இவ்வளவுதானா? இதை நேரா கேக்கறதுக்கு என்ன?"

"நேரா கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" என்றேன் நான்.

அவர் என்னையே பார்த்தார். தணிக்கையாளர் படிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டுப் போனது. "மாட்டேன்," என்றார். கோட்டம்மாவிடம், "மன்னிச்சுக்குங்கம்மா. வியாபாரம் கலைஞ்சுடுச்சு," என்று சொல்லி எழுந்தார்.

மர மேசை மண்டபத்தின் கடைசியில், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே இருந்தவரின் தோளில் தொடங்கிய கயிற்றுத் தழும்பு கழுத்தோரம் சட்டைக்கு வெளியேயும் தெரிந்தது. மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா பழைய வேகத்தைக் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டார்.

"மரம் வெட்ட எங்க தெருவுலயே ஆள் இருக்கான். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவன்."

"இருப்பார் சார். வெட்டறதுக்கு ஆள் நிறைய," என்றார் கயிற்றுக்காரர். "வெட்டாம வெச்சிருக்கத்தான் ஆள் கிடைக்கல."

"சம்பளம் ஒண்ணும் பெரிசா இருக்காதே?"

"ஆரம்பத்துல சுமார்தான்."

"மழையில?"

"மழையிலதான் கூப்பிடுவாங்க."

"விழுந்தா?"

"அடிபடும் சார். முதல் மாசம் பூரா முடிச்சுப் போட மட்டும்தான் சொல்லிக் குடுப்போம்."

அப்பா என் காதில், "என்னடி ஆள் இவரு? சரக்கைத் தூக்கியே பிடிக்க மாட்டேங்கிறார்," என்றார். பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வேண்டாம் போ" என்பது போல் கையை உதறிவிட்டு நடக்க ஆரம்பித்தார். இந்த இடத்தில் கடைக்காரர் கூப்பிட வேண்டும். கயிற்றுக்காரர் துணியின் அடுத்த மூலையை மடித்தார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. தானாகவே திரும்பி வந்தார்.

"இடம் இருக்கா?" என்றார். இந்த முறை நேராக.

"பகல் வகுப்பு நிரம்பிடுச்சு சார். கடைசி இடம் இப்பத்தான் போச்சு. நீங்க அந்தக் காத்தாடி மேசையில இருந்தீங்களே, அப்ப."

சில்லறையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அப்பா பார்த்தார்.

"வேற வழி?" என்றார்.

"சாயங்கால வகுப்புல ஒரு இடம் இருக்கு. மூணு வருஷம். அது வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு. அவங்க முதலாளி எழுதிக் கையெழுத்துப் போடணும், மூணு வருஷமும் வேலை உண்டு, வகுப்பு நேரத்துக்கு விட்டுடுவேன்னு. நடுவுல கடையை மூடிட்டா இடம் போயிடும். அப்படி நிறைய பேர் பாதியில நின்னுட்டாங்க, அதான் இவ்வளவு கறார்."

"ரெண்டு வருஷமாக்க முடியாதா?"

"முடியாது சார்."

"ரெண்டரை?"

கயிற்றுக்காரர் சிரித்தார். களைத்த, நல்ல சிரிப்பு. "மரம்கூட அப்படி வளராதே சார்."

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் முன்னால் நாற்காலியில் சாய்ந்த முகம் எனக்கு நினைவு வந்தது. பெரிய மெஷினைத் தள்ளி, சாவியைக் கொடுத்து, துடைக்கிற வேலையிலிருந்து விடுபட்ட முகம். அந்த விடுதலையைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். கடல் என்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உட்காரலாம். மரம் என்றால் சில்லறைக்கு முதலாளியாக, கடையை மூடாமல் எழுந்து நிற்க வேண்டும்.

"வேணாம்ப்பா," என்றாள் சில்லறை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவள் குரலில் பேரம் எதுவும் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கணக்கு எழுதுறவ நீ. மூணு வருஷம் தாங்குமா?"

என் வாழ்க்கையில் அவர் என்னிடம் விலை போடாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஏற்றியும் சொல்லலாம், இறக்கியும் சொல்லலாம். இரண்டும் எனக்குக் கைவந்த கலை.

"தெரியலப்பா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பேனா கேட்டார். கயிற்றுக்காரர் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் 'ஜெனரேட்டர் வாடகை' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதை அப்படியே விட்டார். முதலாளி என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் அழுந்தியது. சில்லறை அவர் முழங்கையைத் தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டியபடியே நின்றாள்.

"பரீட்சை முடிஞ்ச மறுநாளே காலையில எட்டு மணிக்குக் கடையில இருக்கணும்," என்றார் அவளிடம். "தொழிலாளி லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."

"சரி முதலாளி," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வாசலில் வாட்ச்மேன் கேட்டை மூடத் தயாராக நின்றார். அப்பா அவரிடம் நின்றார்.

"ஏம்ப்பா, ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஸ்கூல் இருக்கே, அங்கயும் மேல பேனல் போட்டாச்சா?"

"இல்லண்ணே. அந்தக் கூரை தாங்காதாம். புதுசா கட்டினாத்தான் உண்டு."

"எப்பக் கட்டுவாங்க?"

"யாருக்குத் தெரியும்? காசு வந்தா."

அப்பா போனை எடுத்து, ஓரமாகப் போய், அந்தப் பழைய ஸ்கூல் நம்பரைத் தேடினார். காது வரைக்கும் கொண்டுபோவதற்குள் குரல் மாறிவிட்டது. கடைக் குரல், துள்ளுகிற குரல். "ஐயா, வணக்கம்! ரொம்ப நாளாச்சு பேசி! ஆண்டு விழா எப்ப வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். முகம் மட்டும் அந்தக் குரலோடு போகவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி, அந்தப் பக்கம் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் காத்து நின்றோம்.